படகு கியர் நழுவுகிறதா? பெட்டியைக் கழற்றும் முன் ஐந்து சோதனைகள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் குருத்துப்பூச்சி, குலைநோய், உவர் மண் என்றுதான் கடிதங்கள் வரும். இந்த முறை மூன்று கடிதங்கள் படகு மோட்டாரைப் பற்றி வந்திருக்கின்றன. விவசாய இதழில் படகுக்கு என்ன வேலை என்று மேட்டு நிலத்து வாசகர்கள் கேட்கலாம். ஆற்றுத் திட்டில் பயிர் செய்கிறவருக்கு டிராக்டர் டிரெய்லரும் அதுதான், ஆம்புலன்ஸும் அதுதான். அதனால் இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

நான் படித்தது வேளாண்மை; படகு மெக்கானிக் இல்லை. இங்கே சொல்வது, கொள்ளிடக் கரையில் பணியாற்றிய காலத்தில் படகோட்டிகளிடமும் மோட்டார் பழுது பார்ப்பவர்களிடமும் உட்கார்ந்து கற்றது.

கேள்வி: எங்கள் ஊர் கொள்ளிடத்தின் நடுவில் உள்ள திட்டு. கத்திரி, வெண்டை, கொஞ்சம் மல்லிகை போட்டிருக்கிறோம். நாலு குடும்பம் சேர்ந்து ஃபைபர் படகும், மண்ணெண்ணெயில் ஓடும் பழைய 8 குதிரைத்திறன் மோட்டாரும் வாங்கி ஓட்டுகிறோம். ஆறு மாதமாக முன் கியர் போடும்போது கடகடவென்று சத்தம். காய் மூட்டை ஏற்றி வேகம் கொடுத்தால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. லீவரை ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டி ஓட்டுகிறோம். அடியில் உள்ள கியர் பெட்டியை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவு எங்களுக்குத் தாங்காது. ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதல் வேலையாக அந்த ரப்பர் டியூபை இன்றைக்கே அவிழ்த்து எறியுங்கள். கட்டிப்போட்ட லீவரை அவசரத்துக்கு நியூட்ரலுக்குக் கொண்டுவர முடியாது. எதிரே மரக்கட்டை மிதந்து வந்தாலோ, ஆள் தண்ணீரில் விழுந்தாலோ, விசிறியை நிறுத்த வழியில்லாமல் போய்விடும். தேய்ந்த பல்லை வலுக்கட்டாயமாக அழுத்தி வைப்பதால் உள்ளே தேய்மானமும் கூடும்.

டிராக்டர் கியர் வேறு, படகு கியர் வேறு

சுமார் பதினைந்து வருடத்துக்கு முன்பு, வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்காக ஒரு திட்டுக்குப் படகில் போனேன். திரும்பும்போது ஆசையாக, "நான் ஓட்டுகிறேன்" என்று லீவரைப் பிடித்தேன். எனக்குப் பழக்கம் டிராக்டரும் பவர் டில்லரும். கியர் நோகக்கூடாது என்று மெல்ல மெல்லத் தள்ளினேன். அடியில் இருந்து கடகடவென்று சத்தம் வந்தது. படகோட்டித் தம்பி என் கையை எடுத்துவிட்டு, "சார், இது டிராக்டர் இல்லீங்க. தயங்கினா பல்லு போயிடும். ஒரே தள்ளா தள்ளணும்" என்று சொல்லி, 'டக்'கென்று போட்டுக் காட்டினார். உங்கள் கோளாறுக்கும் பெரும்பாலும் இதுதான் ஆரம்பமாக இருக்கும்.

டிராக்டரில் கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் கியருக்கும் தொடர்பு விடுபடும். அந்த இடைவெளியில் நாம் கியரை மாற்றுகிறோம். வெளிப்புறப் படகு மோட்டாரில் மிதிக்கக் கிளட்ச் கிடையாது. மேலே எஞ்சின் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாக அடிப்பெட்டிக்கு இறங்குகிறது. தண்டின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம். அது முன் கியர், பின் கியர் என்ற இரண்டு பல்சக்கரங்களை எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும் வரை, நியூட்ரலில்கூட, இரண்டும் சுற்றும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, விசிறித் தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரக்கூடிய ஒரு துண்டு இருக்கிறது. டாக் கிளட்ச் என்பார்கள். இரு பக்கமும் தடித்த பற்கள் உள்ள இரும்பு அது. நீங்கள் லீவரைத் தள்ளும்போது இந்தத் துண்டு நகர்ந்து, சுற்றிக்கொண்டிருக்கும் கியரின் பற்களுக்கு நடுவே போய் மாட்டுகிறது. இரும்பும் இரும்பும் நேராக மோதிப் பிடிக்கிற ஏற்பாடு.

சட்டென்று தள்ளினால் பல் முழு ஆழத்துக்கு ஒரே தடவையில் மாட்டும். மெல்லத் தள்ளினால் பல்லின் முனையும் முனையும் பத்து இருபது தடவை தட்டிக்கொள்ளும். அந்தத் தட்டல்தான் உங்களுக்குக் கேட்கும் கடகடச் சத்தம். ஒவ்வொரு தட்டலிலும் முனை கொஞ்சம் மழுங்கும். கூராக இருந்த முனை உருண்டையானால், பாரம் ஏறும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி வெளியே தள்ளிவிடும். அதிகம் பயன்படுத்துவது முன் கியர் என்பதால் அதுதான் முதலில் போகும்.

எனவே படகில் கியர் போட இரண்டே விதி. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்க வேண்டும். லீவரைத் தயக்கமில்லாமல் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். முன் கியரில் இருந்து பின் கியருக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, வேகம் இறங்கிய பிறகு போடுங்கள்.

ஐந்து சோதனைகள்

உங்கள் மோட்டாரில் பல் மழுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இதே அறிகுறி வேறு சின்னக் கோளாறாலும் வரும். அதனால் வெளியில் இருந்து உள்ளே, செலவில்லாததில் இருந்து செலவுள்ளதுக்கு என்று வரிசையாகப் போங்கள். விசிறியில் கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி, அவசர நிறுத்தக் கயிற்றை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் கழற்றிவிடுங்கள். கியரில் இருக்கும்போது விசிறியைச் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். பிளக் ஒயர் மாட்டியிருந்தால் விரல் போகும்.

முதல் சோதனை, ஐடிலிங். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் குறைந்த வேகத்தில் திணறும். நின்றுவிடக்கூடாது என்று பலர் ஐடிலிங் திருகை ஏற்றி வைத்துவிடுவார்கள். எஞ்சின் நிற்காது, ஆனால் ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் பல் அடிவாங்கும். சிறு மோட்டார்களில் ஐடிலிங் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 1,200 சுற்றுக்குள் இருக்கும். உங்கள் மோட்டாருக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். திணறலுக்கு மருந்து திருகு அல்ல. கரி பிடித்த பிளக்கைத் துடைத்து இடைவெளி பாருங்கள், அல்லது புதிது போடுங்கள். கார்புரேட்டரையும் எரிபொருள் வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள். துறையை நெருங்கும்போது பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கியர் போடுகிற வேலையெல்லாம் துறையில்தான் அதிகம். பெட்ரோலில் நிறுத்தினால் மறுநாள் ஸ்டார்ட்டும் சுலபமாக இருக்கும்.

இரண்டாவது, லீவரில் இருந்து அடிப்பெட்டி வரை உள்ள இணைப்பு. சிறு மோட்டாரில் இது ஒரு கம்பியும் இரண்டு மூன்று மூட்டுகளும்தான். ஸ்டியரிங் வைத்த பெரிய படகில் கேபிள் இருக்கும். மேல்மூடியைத் திறந்துவிட்டு, ஒருவர் லீவரை அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். கோட்டர் பின் போன இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருக்கிறதா? புஷ் தேய்ந்து ஓட்டை நீண்டிருக்கிறதா? மேலே சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே, கீழே பல் பாதி ஆழத்துக்குத்தான் மாட்டும். பாதி மாட்டிய பல் பாரத்தில் நழுவும். ஒரு பின்னும் ஒரு புஷ்ஷும் மாற்றிச் சரியான மோட்டார்களைப் பார்த்திருக்கிறேன். கேபிள் என்றால், துருவேறி இறுகியதை எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கியர் முழுதாக விழுகிறதா என்ற சோதனை. நியூட்ரலில் விசிறி இரு பக்கமும் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிறகு ஒருவர் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க, மற்றவர் லீவரை முன்னே தள்ளட்டும். விழுந்ததும் விசிறி ஒரு பக்கமாவது பிடித்து நிற்க வேண்டும். சில மோட்டார்களில் மறுபக்கம் டக்டக்கென்று நழுவும். அது கோளாறு அல்ல. பின் கியரையும் இப்படியே பாருங்கள். நியூட்ரலில் இருந்து முன்னே போகும் தூரமும் பின்னே போகும் தூரமும் ஏறக்குறைய சமமாக இல்லையென்றால், இணைப்புக் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் நிற்கும்போது விசிறியைச் சுற்றாமல் லீவரை மட்டும் தள்ளினால், சில சமயம் கியர் விழாது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்பதுதான் காரணம். அப்போது முரட்டுத்தனமாகத் தள்ளிக் கம்பியை வளைத்துவிடாதீர்கள்.

நான்காவது, விசிறி. கியர் நழுவுவது போலத் தெரிவது சில சமயம் விசிறியின் கோளாறாக இருக்கும். உங்கள் கடிதத்தில் லீவரே நியூட்ரலுக்கு வருகிறது என்று எழுதியிருப்பதால் அது கியர் பக்கம்தான். இருந்தாலும் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். இதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்தாவது, கியர் எண்ணெய். அடிப்பெட்டியில் கீழே ஒரு திருகும் மேலே ஒரு திருகும் இருக்கும். மோட்டாரை நேராக நிறுத்தி, கீழே பாத்திரம் வைத்து இரண்டையும் கழற்றுங்கள். வருகிற எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். கரும்பச்சையோ பழுப்போ தெளிவாக இருந்தால் நல்லது. திருகில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் சில்லுகள் வந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

அப்படியும் நழுவினால்

ஐந்தும் சரியாக இருந்து, மெல்லிய பாரத்திலும் முன் கியர் நழுவுகிறது என்றால், பல் மழுங்கிவிட்டது. பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் திறப்பது வேறு, முழுப் பெட்டியை மாற்றுவது வேறு. பெட்டியின் உடம்பில் விரிசல் இல்லாமல், தண்டு வளையாமல் இருந்தால், பெரும்பாலும் டாக் கிளட்சும் அது மாட்டும் முன் கியரும் மாற்றினால் போதும். கூடவே சீல்களையும் புதிதாகப் போட வேண்டும். டாக்கை மட்டும் மாற்றி, மழுங்கிய கியரை விட்டுவைத்தால், புதுப் பல்லும் சீக்கிரம் மழுங்கும். பல்லில் வெல்டிங் வைத்து அரம் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடு ஆற்றில் அது உதிரும்.

மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "பெட்டியைத் திறந்ததும் எங்களைக் கூப்பிடுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று மட்டும் சொல்லுங்கள். பல்லின் முனை கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா என்பது வெறும் கண்ணுக்கே தெரியும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

நாலு குடும்பப் படகு என்கிறீர்கள். நாலு கை என்றால் நாலு விதமாகக் கியர் விழும். ஒருநாள் எல்லோரும் துறையில் கூடி, யார் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் பாருங்கள். படகிலேயே பிளாஸ்டிக் பையில் ஒரு நோட்டு வையுங்கள். ஓடிய நேரம், எண்ணெய் மாற்றிய தேதி, கேட்ட சத்தம் எல்லாம் அதில் ஏறட்டும். பழுது வந்தால் யார் மேல் பழி என்ற பேச்சுக்கும் அந்த நோட்டு இடம் வைக்காது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அணை நிரம்பினால் உபரி நீர் உங்கள் பக்கம்தான் வரும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். வைகாசிக்குள் இந்த வேலைகளை முடித்து, ஆனியில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மாடு கன்றையும் பிள்ளைகளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் நாளில் சோதனை ஓட்டம் வேண்டாம்.

மோட்டாரை நம்பினாலும் படகில் இரண்டு துடுப்பு, ஒரு நீளக் கழி, கயிற்றோடு நங்கூரம், ஆளுக்கு ஒரு உயிர்காப்பு உடை கட்டாயம் இருக்கட்டும். நடு ஆற்றில் கியர் விட்டுப்போனால் நீரோட்டத்தை எதிர்த்துப் போராடாதீர்கள். நீர் போகும் போக்கிலேயே சாய்வாகத் துடுப்புப் போட்டு, பக்கத்துக் கரையை நோக்கி ஒதுங்குங்கள். நங்கூரம் போட நேர்ந்தால் படகின் முன்முனையில் இருந்து போடுங்கள். மோட்டார் இருக்கும் பின்முனையில் கட்டினால், ஓடும் நீர் அந்தப் பக்கமாக ஏறிப் படகை முழுகடித்துவிடும்.

கேள்வி: பழவேற்காடு ஏரியில் என் வீட்டுக்காரர் இறால் பிடிக்கப் போகிறார். மணல் மேட்டில் தட்டியதில் இருந்து, கியர் விழுகிறது, எஞ்சின் கத்துகிறது, படகு மட்டும் நகரவில்லை. விசிறியில் இருந்த ஊசி உடைந்தது என்று அதற்குப் பதில் இரும்பு ஆணி அடித்து ஓட்டுகிறார். இது சரியா, அண்ணா?

பதில்: சரியில்லை, தங்கச்சி. அந்த ஊசி உடைவதற்காகவே வைக்கப்பட்டது. டிராக்டரில் ரோட்டவேட்டர் இணைப்பில் ஒரு போல்ட் இருக்கும். கல்லில் தட்டினால் அது அறுந்து, கியர் பெட்டியைக் காப்பாற்றும். விசிறி ஊசியும் அதே வேலைக்குத்தான். அங்கே கெட்டியான ஆணியைப் போட்டால், அடுத்த முறை மணலில் தட்டும்போது ஆணி உடையாது. உள்ளே இருக்கும் பல் உடையும். சில்லறைச் செலவில் முடிய வேண்டியது பெரும் செலவாகிவிடும். அந்த மோட்டாருக்கே உரிய ஊசி நாலைந்து வாங்கி, கோட்டர் பின்னோடும் ஒரு குறடோடும் டப்பாவில் போட்டுப் படகில் வைக்கச் சொல்லுங்கள்.

ஊசி இல்லாத மோட்டார்களில், விசிறியின் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்கினாலும் இதே அறிகுறி தெரியும்: வெறும் படகில் ஓடும், பாரம் ஏற்றினால் எஞ்சின் மட்டும் கத்தும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது. பாரத்தோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது. விசிறியையோ புஷ்ஷையோ மாற்றினால் போதும், கியர் பெட்டியைத் தொட வேண்டாம்.

கேள்வி: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் படகு ஓட்டுகிறோம். கியர் எண்ணெயைத் திறந்தால் மோர் போல வெள்ளையாக வருகிறது. புது எண்ணெய் ஊற்றினாலும் கொஞ்ச நாளில் அப்படியே ஆகிறது. கியரும் இறுக்கமாக விழுகிறது. ஏன்?

பதில்: உள்ளே தண்ணீர் போகிறது. உங்கள் பக்கம் பெரும்பாலும் குற்றவாளி நைலான் வலை நூல்தான். விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சூடேறி, சீலை அறுத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. விசிறியைக் கழற்றி, நூல் இருந்தால் வெட்டி எடுத்து, சீலை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்த்து, தண்டில் கிரீஸ் தடவி மாட்டுவது நல்ல பழக்கம். உப்புத் தண்ணீரில் விசிறி தண்டோடு ஒட்டிக்கொள்வதையும் அது தடுக்கும்.

எண்ணெய் திருகுகளின் அடியில் உள்ள வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் வழியாகவும் நீர் இறங்கும். எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் காற்றுக் குமிழி இல்லாமல் எண்ணெய் வழிந்ததும், முதலில் மேல் திருகை மூடுங்கள். பிறகு கீழே குழாயை எடுத்துக் கீழ்த் திருகை மூடுங்கள். மேலே இருந்து ஊற்றினால் காற்று அடைத்து எண்ணெய் பாதிதான் நிற்கும். கையேட்டில் சொன்ன படகு கியர் எண்ணெயை மட்டும் வாங்குங்கள். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவென்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிறு மோட்டாருக்குப் பிடிப்பது கால் லிட்டருக்குச் சற்று முன்பின்தான். ஒரு கிலோ கத்திரி விதை வாங்கும் காசில் பல வருட எண்ணெய் வந்துவிடும்.

கடைசியாக எல்லோருக்கும் ஒன்று. பழுது பார்த்த மோட்டாரை வீட்டு வாசலில் காய்ந்த நிலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கி, ஐடிலிங்கில் மட்டும் ஓட்டுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடியதை அதே டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவினால் இணைப்புகள் துருப்பிடிப்பதும் குறையும்.

கொள்ளிடத்து வாசகர் ஐந்து சோதனைகளையும் செய்துவிட்டு, எந்த இடத்தில் கோளாறு பிடிபட்டது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த திட்டில் இருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அது உதவும். நெல் வயல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் உங்கள் குறுவை நாற்றங்கால் கேள்விகளோடு வருகிறேன்.